பிரசவம் பார்க்கும் செவிலியராக விரும்பும் மகளுக்கு: கருங்கல் தந்தை ஒருவருக்குப் பதில்

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் தேறியிருக்கிறாள். பிரசவம் பார்க்கும் செவிலியராக வேண்டும் என்பதில் உறுதியாக நிற்கிறாள். எந்தப் படிப்பில் சேர்ப்பது, வேலை எப்படி இருக்கும், வெளிநாடு போக வழி உண்டா, இரவுப் பணியை நினைத்து அவளுடைய அம்மா தயங்குவதில் நியாயம் இருக்கிறதா என்பவை அவருடைய கேள்விகள். லேபர் வார்டில், அதாவது பிரசவப் பிரிவில், பல ஆண்டுகள் பணிசெய்து, பின்னர் மாணவிகளுக்கு அந்தப் பாடத்தையே நடத்தியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐயா, பிரித்தானியாவிலும் ஜெர்மனியிலும் பள்ளி முடித்த பெண் நேரடியாகப் பேறுகாலப் பணியை மட்டும் படித்துப் பட்டம் பெறலாம். நம் நாட்டில் அந்த வழி இல்லை. இங்கே செவிலியர் படிப்புக்குள்ளேயே பேறுகாலப் பயிற்சியும் அடங்கியிருக்கிறது. படித்து முடித்துச் சென்னையிலுள்ள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும்போது ‘ஆர்.என்., ஆர்.எம்.’ என்று இரண்டு தகுதிகளும், அதாவது பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற மிட்வைஃப் (பிரசவம் பார்க்கத் தகுதிபெற்றவர்) என்பவை, ஒருசேரக் கிடைக்கின்றன. இந்தப் பதிவுக்கு அடிப்படை 1926-ஆம் ஆண்டுச் சட்டம். அகில இந்திய அளவில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியன் நர்சிங் கவுன்சிலுக்கு மாற்றாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. ஆகவே உங்கள் மகள் முதலில் செவிலியராக வேண்டும். அந்தப் படிப்பின்போதே பிரசவம் பார்க்கும் கையும் கண்ணும் அவளுக்குத் தேற வேண்டும். இதில் இரண்டாவது காரியம் எல்லாக் கல்லூரிகளிலும் நடப்பதில்லை. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிப்புகளைப் பொறுத்தவரை மூன்று வாசல்கள் இருக்கின்றன. இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் குறைந்தது 45 விழுக்காடு எடுத்தவர்களுக்கு நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங், எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் 40 விழுக்காடு இருந்தால் சேரக்கூடிய மூன்றாண்டு ஜி.என்.எம். (செவிலியர், பேறுகாலப் பணிப் பட்டயப் படிப்பு); பெண்களுக்கு மட்டுமான இரண்டாண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு). தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்கின் அரசு ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண் வரிசைப்படி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு கலந்தாய்வு நடத்தி நிரப்புகிறது. அதற்கு நீட் தேர்வு தேவையில்லை. உங்கள் மகள் உயிரியல் படித்தவள் என்பதால் பி.எஸ்சி.யே என் பரிந்துரை. எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வு, மேற்படிப்பு, வெளிநாடு ஆகிய எல்லாவற்றிலும் பட்டம் இருந்தால் வழி சுருக்கமாகிவிடும். ஜி.என்.எம். முடித்தவர்கள் பின்னர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்ந்து அதே இடத்துக்கு வந்துவிடலாம் என்பதால் அதுவும் தாழ்ந்த படிப்பல்ல. நான் பார்த்த கெட்டிக்காரப் பேறுகாலச் செவிலியர் பலர் ஜி.என்.எம். படித்தவர்கள்தான்.

‘பெங்களூரில் சீட் இருக்கிறது, முன்பணம் மட்டும் கட்டினால் போதும்’ என்று மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் வீடு தேடி வரும் ஏஜெண்டுகளிடம் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கல்லூரிக்கு அந்தந்த மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் இந்தியன் நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் நடப்பு ஆண்டுக்கு இருக்கின்றனவா என்பதை அவரவர் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி தரும் வழவழப்பான கையேட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இனி, கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு வருகிறேன். கட்டடம், பேருந்து, விடுதிச் சாப்பாடு எல்லாவற்றையும் விசாரிக்கும் பெற்றோர், ‘உங்கள் மாணவிகள் எந்த மருத்துவமனையின் லேபர் வார்டில் பயிற்சி பெறுகிறார்கள், அங்கே மாதத்துக்கு எத்தனை சுகப்பிரசவம் நடக்கிறது’ என்று கேட்பதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 63.8 விழுக்காடு. சிசேரியன் தேவையா இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் மூன்று பிரசவத்தில் இரண்டு ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்விடும் இடத்தில், அதிலும் மொத்தப் பிரசவமே குறைவாக உள்ள இடத்தில், பயிற்சிக்கு நிற்கும் மாணவி எதைக் கற்பாள்? வலி தொடங்கியதிலிருந்து நஞ்சுக்கொடி விழும்வரை ஒரு தாயின் பக்கத்திலேயே நின்று பார்க்கும் வாய்ப்பு அவளுக்கு அரிதாகத்தான் கிடைக்கும். 2021-இல் வெளியான பாடத்திட்டத்தில் பேறுகாலப் பாடம் ஆறாம், ஏழாம் பருவங்களில் வருகிறது. அந்தப் பருவங்களில் ஒவ்வொரு மாணவியும் தான் பரிசோதித்த கர்ப்பிணிகள், தன் கையால் பார்த்த பிரசவங்கள், கவனித்த பச்சிளங்குழந்தைகள் என எல்லாவற்றையும் கேஸ் புக்கில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். பிரசவம் போதாத இடங்களில் ஒருத்தி பார்த்த கேஸை நான்கு பேர் எழுதிக்கொள்வது நடக்கிறது. அப்படித் தேறியவள் முதல் வேலையில் முதல் இரவில் தனியாக நிற்கும்போதுதான் அதன் விலை தெரியவரும்.

நம் மாவட்டத்தில் இதற்கு வாய்ப்பான இடங்கள் இல்லாமல் இல்லை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தக்கலையில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. 1838-இல் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வந்து தொடங்கிவைத்த நெய்யூர் மிஷன் மருத்துவமனையும், நாகர்கோவிலில் சால்வேஷன் ஆர்மி நடத்தும் கேதரின் பூத் மருத்துவமனையும் பல தலைமுறைகளாகப் பிரசவம் பார்த்துவரும் இடங்கள். உங்கள் மனத்தில் உள்ள கல்லூரி தன் மாணவிகளை எங்கே அனுப்புகிறது என்று கேளுங்கள். முடிந்தால் இறுதியாண்டு மாணவி ஒருத்தியைப் பார்த்து, ‘உன் கையால் எத்தனை பிரசவம் பார்த்தாய், அம்மா?’ என்று விசாரியுங்கள். அவள் தயங்காமல் எண்ணிக்கை சொன்னால் அந்தக் கல்லூரியை நம்பலாம்.

அடுத்து, வேலை என்ன என்பது. குழந்தையைக் கையில் வாங்குவதுதான் வேலை என்று வெளியே நினைக்கிறார்கள். அது சில நிமிடத்தில் முடிந்துவிடுகிற காரியம். அதற்கு முன்னுள்ள பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் பின்னுள்ள இரண்டு மணி நேரமும்தான் உண்மையான பணி. வலியோடு வந்திருக்கும் தாயின் வயிற்றின்மேல் கைவைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை முறை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். அரைமணிக்கொரு முறை, வலி அடங்கியவுடன், குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும். அது 110-க்கும் 160-க்கும் இடையில் இருக்கிறதா, வலிக்குப் பிறகு இறங்கி மீண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு மணிக்கொரு முறை உள்பரிசோதனை செய்து கருப்பைவாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, தலை எங்கே நிற்கிறது என்று கண்டு, எல்லாவற்றையும் பார்ட்டோகிராஃபில், அதாவது பிரசவம் முன்னேறுவதைக் காட்டும் வரைபடத் தாளில், புள்ளியிட வேண்டும். கருப்பைவாய் 4 சென்டிமீட்டர் விரிந்ததும் தொடங்கி வரைவது பழைய முறை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட லேபர் கேர் கைடில் (பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியில்) அது 5 சென்டிமீட்டராக மாறியிருக்கிறது. பிரசவம் முடிந்த பிறகு உட்கார்ந்து பார்ட்டோகிராஃபை ‘அழகாக’ வரைந்துவைக்கும் கெட்ட வழக்கம் பல வார்டுகளில் உண்டு. உங்கள் மகள் அதைக் கற்றுக்கொள்ளக் கூடாது. பிரசவம் தாமதமாகிறது என்று காட்டிக் கோடு வலப்பக்கம் சாயத் தொடங்கும்போதே கண்ணில் படுவதற்காகத்தான் அந்தத் தாள் இருக்கிறது.

குழந்தை வெளியே வந்தவுடன் துடைத்துத் தாயின் வயிற்றின்மேல் கிடத்தி, அழுகிறதா, மூச்சு விடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சு வரவில்லையென்றால் ஒரு நிமிடத்துக்குள் முகமூடியும் பையும் வைத்துக் காற்றுக் கொடுத்தாக வேண்டும் என்பதால், அந்தப் பை வேலைசெய்கிறதா என்பதைத் தாய் மேசைக்கு வருமுன்பே அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். குழந்தை நன்றாக இருந்தால், உள்ளே இன்னொரு குழந்தை இல்லை என்று வயிற்றைத் தொட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் கருப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை 10 யூனிட் போட வேண்டும். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். நஞ்சுக்கொடி வந்ததும் அதை இரண்டு உள்ளங்கையிலும் விரித்துப்போட்டு, தாயோடு ஒட்டியிருந்த பக்கத்தின் மடல்கள் எல்லாம் முழுமையாக இருக்கின்றனவா, ஏதாவது ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கூட்டமான நாளில் எல்லோரும் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, தொட்டிப் பக்கம் திரும்பி நின்று நஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பவள்தான் நல்ல செவிலியர். அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு, கால்மணிக்கொரு முறை தொப்புளுக்குக் கீழே கைவைத்துக் கருப்பை கிரிக்கெட் பந்துபோல் இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதும், துணியில் படும் இரத்தத்தைக் கணக்கிடுவதும், நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறிப்பதும் அவள் பொறுப்பு. பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப்போக்கில் ஒரு தாயை இழப்பதற்கு அதிக நேரம் ஆகாது. 500 மில்லிலிட்டரைத் தாண்டும்போதே ஆள் கூப்பிட வேண்டும்.

ஆயுதம் போட்டு எடுப்பதும் அறுவை செய்வதும் மருத்துவர் வேலை. எப்போது மருத்துவரை அழைக்க வேண்டும், எப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து 108-இல் ஏற்றி சீமாங் மையத்துக்கு (அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தைச் சிகிச்சை மையத்துக்கு) அனுப்ப வேண்டும் என்பதை முடிவுசெய்வது செவிலியர் வேலை. இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டிருக்கிறது, தாய் தலைவலி என்கிறாள், கண் மங்குகிறது என்கிறாள் என்றால் காலைவரை பொறுக்கலாம் என்று நினைக்கும் செவிலியரும், உடனே தொலைபேசியை எடுக்கும் செவிலியரும் ஒரே புத்தகத்தைத்தான் படித்திருப்பார்கள். அனுப்பும்போது என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதி அனுப்புவதும், பெறும் இடத்துக்கு முன்கூட்டியே பேசுவதும் முடிவோடு சேர்ந்தவையே. தேவையில்லாமல் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கைகழுவுவதும் ஒரு பிழைதான். மேலே உள்ள மருத்துவமனையின் வார்டு அதனால்தான் நிரம்பி வழிகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லேபர் வார்டில் தாய்மாரைத் திட்டுவதும், சமயத்தில் தொடையில் அடிப்பதும் நம் ஊரில் நெடுங்காலமாக இருந்துவரும் அவமானம். வேலைப்பளுவைக் காரணம் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. வலியில் துடிக்கும் பெண்ணுடன் அவள் அம்மாவோ நாத்தனாரோ பிரசவத் துணையாக உள்ளே இருக்கத் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் அனுமதி உண்டு. அந்தத் துணையைத் தொல்லையாக நினைக்காமல், முதுகு தடவிவிடவும் தண்ணீர் கொடுக்கவும் பழக்கிக்கொள்ளும் செவிலியருக்கு வேலை பாதியாகக் குறைகிறது. உங்கள் மகள் இயல்பிலேயே பொறுமையானவளா என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள். படிப்பில் முதலாவதாக வருவதைவிட இது முக்கியம்.

மருத்துவமனை வேண்டாம், ஊருக்குள் பணி வேண்டும் என்றால் ஏ.என்.எம். படித்துக் கிராம சுகாதாரச் செவிலியராகும் வழி இருக்கிறது. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பம் தெரிந்தவுடன் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கிக் கொடுப்பது, செவ்வாய்க்கிழமைப் பரிசோதனைக்கு வரவைப்பது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு விண்ணப்பிக்க உதவுவது, புதன்கிழமை தடுப்பூசி, பிரசவத்துக்குப் பின் வீடு தேடிச் சென்று தாயையும் பிள்ளையையும் பார்ப்பது என்று வேலை ஓயாது. இப்போது கணினிப் பதிவு வேறு சேர்ந்து நேரத்தைத் தின்கிறது. நம் மாவட்டம் சிறியதாக இருந்தாலும் தூத்தூர், வள்ளவிளைக் கடற்கரையில் இந்தப் பணி ஒருவிதம். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால், படகில் கடந்து போகவேண்டிய காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் இன்னொரு விதம். கடற்கரையில் கணவன் ஆழ்கடலுக்குப் போயிருக்கும்போது வலி வந்தால் யார் கூட வருவார்கள் என்பதை ஏழாம் மாதத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மலையில் குறித்த தேதிக்கு முன்பே தாயைக் கீழே இறக்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

வீட்டுக்குள் போகும் செவிலியருக்கு மரியாதையும் தேவைப்படுகிறது. பேறுகால மருந்து கிண்டிக் கொடுப்பதையும் வேது வெந்நீரில் (மூலிகை போட்டுக் காய்ச்சிய நீரில்) குளிப்பாட்டுவதையும் கிண்டல் செய்துவிட்டு, பிறகு ‘சீம்பாலைக் கொடுங்கள், தாய்க்குத் தண்ணீரைக் குறைக்காதீர்கள்’ என்று சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்கமாட்டாள். இம்மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலும் இருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சியைத் தொடங்கிய டாக்டர் மேரி பூனன் லூக்கோஸ், ஊர் வயிற்றாட்டிகளைப் பகைத்துக்கொள்ளாமல் அவர்களுடைய பிள்ளைகளையே பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். எதிர்க்கக்கூடியவர்களின் வீட்டிலிருந்தே ஆளெடுத்த அந்தச் சாமர்த்தியம் இன்றைக்கும் கிராமச் செவிலியருக்குப் பயன்படும்.

பட்டம் பெற்றபின் பேறுகாலத் துறையிலேயே மேலே போக இரண்டு வழிகள் இருக்கின்றன. எம்.எஸ்சி.யில் மகப்பேறு நர்சிங் எடுத்துக் கற்பிக்கும் பக்கம் போகலாம். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வந்த ‘நர்ஸ் பிராக்டீஷனர் இன் மிட்வைஃபரி’ என்ற 18 மாதப் பயிற்சி இன்னொன்று. பேறுகாலப் பணியில் இரண்டாண்டு அனுபவமுள்ள பதிவுபெற்ற செவிலியர் இதில் சேரலாம். சிக்கலில்லாத பிரசவங்களை மிட்வைஃப்களே முழுப்பொறுப்பில் நடத்தும் பிரிவுகளை மருத்துவமனைகளுக்குள் அமைப்பது அதன் நோக்கம். முதலில் தொடங்கிய மாநிலம் தெலங்கானா. உங்கள் மகளின் விருப்பத்துக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பதால், பட்டப்படிப்பின் இறுதியில் இதைப் பற்றி அவள் விசாரிக்கட்டும்.

சம்பளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துத் தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் குறைவுதான்; அதை அனுபவத்துக்கான காலமாக எண்ணி இரண்டாண்டு வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆளெடுக்கிறது. ஆனால் ஸ்டாஃப் நர்ஸ்கள் முதலில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து, காலியிடம் வரும்போதுதான் நிரந்தரமாகிறார்கள். அந்தக் காத்திருப்பு பல ஆண்டு நீண்டு போராட்டங்கள் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருவனந்தபுரம் பக்கத்தில் இருப்பதால் நம் பெண்கள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அதற்குக் கேரள கவுன்சிலில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். வளைகுடாவுக்குப் போகச் சான்றிதழ் சரிபார்ப்பும், புரோமெட்ரிக் எனப்படும் கணினிவழி உரிமத் தேர்வும் உண்டு. பெரும்பாலும் இரண்டாண்டு அனுபவம் கேட்பார்கள். அது லேபர் வார்டு அனுபவமாக எழுத்தில் இருக்க வேண்டும். பிரித்தானியாவில் செவிலியர் பதிவு வேறு, மிட்வைஃப் பதிவு வேறு என்பதால் இங்கிருந்து செல்பவர்கள் பெரும்பாலும் செவிலியராகவே பணியேற்கிறார்கள். அங்கே பிரசவம் பார்ப்பது மட்டுமே குறிக்கோள் என்றால் முன்பே யோசிக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியரை அனுப்புகிறது. தனியார் ஏஜெண்டிடம் போகுமுன் அதன் அறிவிப்புகளைப் பாருங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு ‘பாண்ட்’ (இத்தனை ஆண்டு வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) கேட்கும் எந்த நிர்வாகத்திடமும் அவற்றைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற அலைந்த மாணவிகளை எனக்குத் தெரியும்.

கடைசியாக, அவளுடைய அம்மாவின் தயக்கம். அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் இரவு பகல் பார்த்துப் பிறப்பதில்லை. ஆகவே இந்தத் துறையில் இரவுப் பணி கட்டாயம் உண்டு. திருமணத்துக்குப் பிறகும், சொந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதும் உண்டு. நின்றே வேலை செய்வதால் இடுப்பும் காலும் வலிக்கும். எதிர்பாராத மரணம் நேர்ந்தால் உறவினரின் கோபம் முதலில் விழுவது செவிலியர் மேல்தான். 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தாலும் அந்த நேரத்து நடுக்கம் நடுக்கம்தான். இவற்றில் வீட்டார் செய்யக்கூடியவை சில உண்டு. விடுதியோ வீடோ மருத்துவமனைக்குப் பக்கத்தில் பாருங்கள். இரவுப் பணி முடித்து வந்தவள் பகலில் தூங்கும்போது விருந்தாளிகளைக் காட்டி எழுப்பாதீர்கள். வரன் பார்க்கும்போது ‘வேலையை விட்டுவிடுவாள்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரத்தத்தோடும் ஊசியோடும் பழகும் வேலை என்பதால், சேர்க்கை முடிந்த வாரமே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டுவிடுங்கள். அடுத்தது ஒரு மாதத்திலும் மூன்றாவது ஆறாம் மாதத்திலும் போட வேண்டும். வார்டுப் பயிற்சி தொடங்குமுன் அது முடிந்திருப்பது நல்லது.